நரி முகத்தில் முழித்தவர்கள்

புதிதாகக் காக்கிச் சட்டை மாட்டியிருக்கிறீர்கள். சந்தோஷம். அந்தச் சட்டையின் கஞ்சி கலைவதற்குள் உங்களுக்கு ஒரு போன் வரும். "சார், ஓநாய் வந்திருச்சு!" என்று எவராவது கத்துவார்கள். என்னிடம் "மேடம்" என்று கத்தினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

யானையும் இல்லை, புலியும் இல்லை, புதுக்கோட்டை மாவட்டத்தில் வனத்துறைக்கு என்னம்மா வேலை என்று என் மாமியார் வீட்டில் கேட்டார்கள். முந்திரிக்காட்டுக்குக் காவலா என்று கேலி வேறு. நான் வனவராக ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது கூட அந்தக் கேலி நிற்கவில்லை. ஆனால் என் சர்வீஸிலேயே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்ட நாள் இந்த மாவட்டத்தில்தான் வந்தது. அதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். யாரும் போனை நோண்டக் கூடாது.

முதலில் அந்தக் கேள்வி. ஓநாய் ஆளைக் கொல்லுமா?

நான் ஓநாயை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் வடக்கே ஒரு மலைச்சரகத்தில் இருந்தோம். காலை வெயிலில் பாறை மேல் நின்றது. கீழே ஆட்டுமந்தை. நான் பயத்தில் இரண்டடி பின்னால் போய்விட்டேன். ஆடு மேய்த்த அம்மாள் தலைத்துண்டை உருவிச் சுழற்றி, "தூ, போ அப்பால!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். அது எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. போகிற வேகத்தைப் பார்த்தால் எங்களைவிட அதற்குத்தான் பயம் அதிகம் என்று தோன்றியது.

சுகமாக இருக்கிற ஓநாய் மனிதனைக் கண்டால் விலகும், மலையானாலும் சரி, பொட்டலானாலும் சரி. அதற்காக "ஓநாய் ஒன்றுமே செய்யாது" என்று ஊரில் போய் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரை அற்றுப்போன சில இடங்களில், குழந்தைகள் வெளியில் படுத்திருந்த இடங்களில், அது தூக்கிக்கொண்டு போனதும் உண்டு. வெறிநோய் பிடித்துவிட்டால் இன்னும் மோசம், எதிரில் வருகிறவரையெல்லாம் கடித்துக்கொண்டே போகும். அதனால் யாராவது "அது ஓநாயா, நரியா, நாயா?" என்று கேட்டால், நீங்கள் திருப்பி ஒன்று கேளுங்கள்: "ஒங்களப் பாத்ததும் ஓடுச்சா, நின்னுச்சா?" ஓடுகிற மிருகத்தால் உங்களுக்கு வேலை குறைவு. நிற்கிற மிருகம் வந்தால் வேறு எல்லா வேலையையும் போட்டுவிட்டு ஓடுங்கள்.

எங்கே ஓடுவது என்பதில்தான் கதை இருக்கிறது.

வட மாநிலத்தில் எங்கோ எடுத்த ஓநாய் வீடியோ ஒன்று அப்போது எல்லார் போனிலும் சுற்றியது. நார்த்தாமலைப் பக்கத்துக் கிராமங்களில் அதைப் பார்த்துவிட்டு, நம் மலைக்கும் ஓநாய்க் கூட்டம் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள். மலை என்று நாம் சொல்வது மொட்டைப் பாறைகளைத்தான், ஆனாலும் மலை மலைதானே! போதாக்குறைக்கு இரண்டு ஆடுகள் செத்துக் கிடந்தன. நான் போய்ப் பார்த்தேன். பின்தொடையெல்லாம் கண்டபடி கடித்துக் குதறி, தின்னாமல் போட்டிருந்தது. தெருநாய்க் கூட்டத்தின் வேலை. அதைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அவர்களுக்கு ஓநாய்தான் வேண்டியிருந்தது. பிள்ளைகளைத் தனியாகப் பள்ளிக்கூடம் அனுப்புவதை நிறுத்தினார்கள். இளவட்டங்கள் கையில் கம்போடு திரிந்தார்கள்.

அப்படி ஒரு காலையில், திருச்சி ரோட்டு டீக்கடைக்காரர் போன் செய்தார். "மேடம், ஓநாய் ரோட்டுக்கே வந்திருச்சு! வெளிச்சத்துலேயே நிக்கிது, வெரட்டுனாலும் போகலை!"

போகலை என்ற அந்த ஒரு சொல் எனக்குப் போதும். எங்கள் வனக்காப்பாளர் சூசையை ஏற்றிக்கொண்டு ஜீப்பை விரட்டினேன். ஜீப்பை நானே ஓட்டுவேன், டிரைவருக்குக் காத்திருக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

போய்ப் பார்த்தால் திருவிழாக் கூட்டம். நடுவில், கருவேலம் புதர் ஓரமாக, நரி. நம் ஊர் நரிதான். குடித்தவன் மாதிரி தள்ளாடிற்று. கீழ்த்தாடை தொங்கிப் போய், எச்சில் நூல் நூலாக வடிந்தது. ஒருத்தர் "காதப் பாருங்க, ஓநாயேதான்" என்றார். இன்னொருத்தர் "வாலப் பாருங்கய்யா, நரி" என்றார். இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையே நடந்தது. வாயைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

கல்லூரிப் பேருந்துக்கு நின்ற ஒரு பெண் என் பக்கம் வந்து, "மேடம், கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஒரு கார் நின்னுச்சு, நான் வீடியோ எடுத்தேன்" என்று போனை நீட்டினாள்.

பார்த்தேன். வெள்ளைக் கார். மேலே கேரியரில், கயிறு போட்டு இறுக்கிய பெரிய அட்டைப்பெட்டி. பாண்டியன், தோஹா என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அறந்தாங்கிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெட்டியை விளக்க வேண்டாம், வளைகுடாவுக்குக் கிளம்புகிற ஆளின் பெட்டி. புதுச்சட்டை, நெற்றியில் சந்தனத்தோடு ஒருவன் இறங்கினான். காருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், சிரிப்பும் சந்தோஷமுமாக: "நல்லாப் பாத்துக்கங்க! நரி மொகத்துல முழிச்சிட்டுப் போறீங்க, போற எடத்துல ராசாதான்!"

நரி முகத்தில் முழித்தால் யோகம் என்பது நம் ஜனங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! பெண் பார்க்கப் போகிறவர்கள், கடை திறக்கப் போகிறவர்கள், வழியில் நரியைக் கண்டால் வண்டியை நிறுத்திக் கும்பிடுவார்கள். ஓநாய் என்றால் கம்பைத் தூக்குகிற அதே ஆள், நரி என்றால் போனைத் தூக்குவார். அந்தப் புதுச்சட்டைக்காரன் நரிக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து செல்ஃபி எடுத்தான். நரி நேராக நடந்து வந்து அவன் கையைக் கவ்வியது. உதறினான். பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்பதுபோல் காரைப் பார்த்துச் சிரித்தான். கார் போய்விட்டது.

என் மேலதிகாரி லைனில் வந்தார். "டிவிக்காரங்க வர்றாங்களாம். மிருகத்தைப் பிடிக்காம அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது."

இதோ, இந்த இடத்தில்தான் நீங்கள் நிற்பீர்கள். ஒரு பக்கம் கூட்டம், கேமரா, மேலிடம், எல்லாரும் மிருகத்தையே பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம் ஒரு ஆள் திருச்சி விமான நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான், தன் உயிருக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரியாமல்.

அந்தப் பெண்ணிடம் வீடியோவை என் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, சாவியை எடுத்தேன்.

"மேடம், மிருகத்த விட்டுட்டா போறீங்க?" என்றார் சூசை.

"அது இனிமே எங்கிட்டும் போகாது சூசை. அந்த ஆளு கடல் தாண்டிப் போயிருவான். சுத்திக் கயித்தக் கட்டுங்க, ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது. கால்நடை டாக்டருக்குப் போன் போடுங்க. எவனாச்சும் கம்பத் தூக்குனா, தலையில மட்டும் அடிக்க விட்டுராதீங்க. மூளைய வச்சுத்தான் வெறிநோயான்னு சோதிக்கணும்."

கீரனூரைத் தாண்டும்போது எனக்குத் தெரிந்த அரசு மருத்துவர் ஒருவரை ஸ்பீக்கரில் பிடித்தேன். அவர் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க. ஊசியும், காயத்துலேயே போடுற மருந்தும் இன்னைக்கே போடணும். நோய் வெளிய தெரிஞ்சிருச்சுன்னா அப்பறம் எங்க கையில ஒண்ணுமே இல்ல. வச்சிர்றேன், நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றார்.

ஒரு லாரி என்னைத் திட்டிக்கொண்டே ஒதுங்கியது. நானும் திட்டினேன். மனதில் ஓடியது ஒன்றுதான்: உள்ளே போயிருக்கக் கூடாது, உள்ளே போயிருக்கக் கூடாது.

விமான நிலைய வாசலில் அழுகையும் முத்தமுமாகக் கூட்டம். தள்ளுவண்டிகளுக்கு நடுவே அந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டதும், அடேயப்பா, எனக்குச் சாமியையே பார்த்த மாதிரி இருந்தது! பெட்டிக்குப் பக்கத்தில் பாண்டியன். இடுப்பில் கைக்குழந்தையோடு அவன் மனைவி செல்வி. கார் ஓட்டி வந்தது செல்வியின் அண்ணன் ரெங்கன்.

நான் ஓடிப்போய், "தம்பி, கையக் காட்டுங்க" என்றேன்.

காக்கிச் சட்டையைப் பார்த்ததும் மூன்று முகமும் வெளுத்துவிட்டது. பாண்டியன் கையை பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"எந்தக் கை? ஒண்ணுமில்லைங்களே."

"நரி கடிச்ச கை."

"நரியா? நாங்க நரியப் பாக்கவே இல்லைங்க மேடம். கார் கதவுல லேசா நசுங்கிருச்சு, அவ்வளவுதான்."

வீடியோவைப் போட்டுக் காட்டினேன். செல்வியின் சிரிப்புச் சத்தம் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கேட்டது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அப்போதும் அவன், "அது நான் இல்லைங்க" என்றான். சந்தனம் அப்படியே நெற்றியில் இருக்கிறது, சட்டை அதே சட்டை, அது நான் இல்லையாம்!

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகுதான் உறைத்தது. அவனுக்கு நரியிடம் பயம் இல்லை, என்னிடம்தான் பயம். காட்டு மிருகத்தைத் தொந்தரவு செய்தால் வழக்கு, வழக்கு என்றால் பாஸ்போர்ட்டில் சிக்கல், சிக்கல் என்றால் கத்தார் போச்சு. விசாவில் உள்ளே நுழைய அன்றுதான் கடைசி நாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவன் கையை மறைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரியாக அந்த நேரத்தில் மேலதிகாரி மறுபடியும் போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன். "அந்த ஆள் மேல கேஸைப் போடுங்க. ஏர்போர்ட் போலீஸ்ல ஒப்படைச்சா பிளேன் ஏற முடியாது. ஒங்களுக்கும் வேலை சுலபம்" என்றார்.

சுலபம்தான். அதைச் செய்திருந்தால் அவன் அன்று பறந்திருக்க மாட்டான். ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் கடி வாங்கியவனைப் பிடித்து வனத்துறை உள்ளே போட்டது என்ற செய்தி பரவினால், அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் கடிபட்ட எவனாவது நம்மிடம் வாயைத் திறப்பானா? எல்லாரும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டே சாவார்கள். உங்கள் கையில் இருக்கிற வழக்கு ஒரு ஆளை நிறுத்திவிடும், பத்துப் பேரை ஒளிய வைக்கும். அதை யோசித்துவிட்டு எடுங்கள்.

மூன்று பேர் காதிலும் விழட்டும் என்று உரக்கவே பேசினேன். "கேஸ் கெடையாது சார். கடி வாங்குனவன் மேல நான் கேஸ் எழுத மாட்டேன். விளக்கம் கேட்டா நானே எழுதிக் குடுக்குறேன்." வைத்துவிட்டேன்.

யாரும் எதிர்பாராமல் ரெங்கன்தான் பேசினான். அதுவரை காரில் சாய்ந்து நின்றவன், முன்னால் வந்து இரண்டு விரலை நீட்டினான். நகத்துக்குக் கீழே தோல் கிழிந்திருந்தது.

"மேடம்... மாப்ள எறங்குறதுக்கு முன்னாடியே நான்தான் எறங்குனேன். பிஸ்கட்டு குடுத்தேன். பல்லு பட்டிருச்சு."

"அண்ணே!" என்று செல்வி அலறினாள். "ஏண்ணே சொல்லலை?"

"சொன்னா இவுக பயணம் நின்டுரும்னுதான்த்தா."

பாண்டியன் தன் மச்சானையே பார்த்துக்கொண்டு நின்றான். மெல்லக் கையை வெளியே எடுத்தான். உள்ளங்கையில் பல் பதிந்த குழி, அதன்மேல் அப்பிய விபூதி.

"வெறிபிடிச்ச நரி தம்பி அது. இன்னைக்கே ஊசி போட்டா பொழச்சுக்கலாம். போடாம விட்டு நோய் வந்துருச்சுன்னா ஒங்களக் காப்பாத்த எந்த நாட்டுலயும் மருந்து இல்ல" என்றேன்.

"அங்க போயிப் போட்டுக்கிறேன் மேடம். எறங்குனதும் போட்டுக்கிறேன். இன்னைக்கு உள்ள போகலைன்னா விசா முடிஞ்சிருங்க. வீட்டு மேல கடன் இருக்கு."

"எறங்குன அன்னைக்கே லீவு கேட்டு ஆஸ்பத்திரி போவீங்களா? கம்பெனிக்காரன்ட்ட நரி கடிச்சிருச்சுன்னு சொல்லுவீங்களா? என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

செல்வி குழந்தையை அண்ணன் கையில் திணித்தாள். புருஷன் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை உருவித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "நான்தான போய்ப் பாருங்கன்னு எறக்கி விட்டேன். நானே கூட்டிட்டுப் போறேன். நடங்க" என்றாள். குரல் அழுதது, கை அழவில்லை.

கழுவ சோப்பு? அவளே பெட்டிக் கயிற்றைப் பல்லால் அவிழ்த்தாள். பயணத்துக்கென்று கட்டி எடுத்த முறுக்கு, ஊறுகாய், இட்லிப்பொடி எல்லாம் தரையில் சரிந்தன. அடியிலிருந்து சோப்புக் கட்டியை எடுத்தாள். டிரைவர்கள் முகம் கழுவும் குழாயடியில் இரண்டு ஆண்களையும் நிறுத்தி, நுரை பொங்கப் பொங்கக் கழுவினோம். சுற்றி நின்றவர்கள் என்ன சடங்கு என்று வேடிக்கை பார்த்தார்கள்.

திருச்சி அரசு மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். காயத்தில் போடும் மருந்துக்கு முதலில் சோதனை ஊசி போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் காத்திருப்பில் விமானம் போய்விட்டது. விசாவும் போய்விட்டது. பிறகு எவ்வளவு அலைந்தும் அது கிடைக்கவில்லை, அதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாண்டியன் என்னைப் பார்த்துச் சொன்னான். "அந்த நரிக்கு நோய் இல்லைன்னு ரிசல்ட்டு வந்துச்சுன்னா, எம்புள்ள சோத்துக்கு நீங்கதான் மேடம் பதில் சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன்.

திரும்பி வந்தபோது நரி தானாகவே செத்திருந்தது. சூசை ஒரு கம்பைக்கூட அதன் மேல் விழ விடவில்லை. "ஓநாயக் காப்பாத்துறான்னு என்னய நல்லா ஏசுனாங்க மேடம்" என்று சிரித்தார். கால்நடை மருத்துவர் தலையைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். டிவிக்காரர்கள் பாறையைப் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எனக்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தேன்.

ரிசல்ட் வரும்வரை நான் பட்ட பாடு! சாப்பாடு இறங்கவில்லை. நோய் இல்லை என்று வந்தால், ஒரு குடும்பத்தின் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் நான். ஒரு மிருகத்துக்கு வெறிநோய் இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்ட வனத்துறைக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கும்பிட்டுவிட்டு, சே, என்ன வேண்டுதல் இது என்று என்னையே ஏசிக்கொள்வேன்.

ஒரு காலையில் சோதனைக்கூடத்திலிருந்து சொன்னார்கள். நரிக்கு வெறிநோய்தான்.

துள்ளிவிட்டேன். பக்கத்தில் இருந்த சூசையின் தோளைப் பிடித்து உலுக்கினேன். உடனே பாண்டியனுக்குப் போன் போட்டேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். பார்த்தீர்களா என்று கொஞ்சம் குத்திக்காட்டவும் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

எடுத்தான். பின்னால் ஒரே இரைச்சல், யாரோ பெயர் கூப்பிடும் சத்தம்.

"தம்பி, நான்தான். ரிசல்ட்டு வந்துருச்சு..."

"மேடம், ஒரு நிமிசம் இருங்க. அறந்தாங்கி ஆஸ்பத்திரியில நிக்கிறேன். இன்னைக்கு ரெண்டாவது ஊசி. மச்சான் உள்ள போயிட்டாரு, அடுத்தது நான்தான். கூப்பிடுறாங்க மேடம், போட்டுட்டு வந்து பேசுறேன்."

வைத்துவிட்டான். ரிசல்ட் என்னவென்று கேட்கவே இல்லை.